கடைசி ஏலியனின் வேகம்

ஸ்பேஸ் இன்வேடர்ஸ் என்ற பெயர் தெரியாதவர்களுக்கும் அந்தப் படம் தெரிந்திருக்கும். மேலே ஐந்து வரிசை, வரிசைக்குப் பதினொன்று, மொத்தம் 55 ஏலியன்கள். கீழே ஒற்றைப் பீரங்கி. இடையில் ஒளிந்துகொள்ள நான்கு தடுப்புகள். ஏலியன்கள் கூட்டமாகப் பக்கவாட்டில் நகரும். ஓரத்தைத் தொட்டதும் ஒரு படி கீழே இறங்கி, திசை மாறும். ஆரம்பத்தில் ஆட்டுமந்தை மாதிரி மெதுவாகத்தான் போகும். சுடச் சுட வேகம் கூடும். கடைசியாக ஒன்று மிஞ்சும் பாருங்கள், அது தறிகெட்டு ஓடும்.

சுடச் சுட அப்படி வேகம் கூடுவதற்காக யாரும் தனியாக ஒரு வரி எழுதவில்லை. 1978-ல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்துக்காக டொமோஹிரோ நிஷிகாடோ இந்த ஆட்டத்தைச் செய்தார். ஆட்டத்தை யோசித்தது, படம் வரைந்தது, புரோகிராம் எழுதியது, அது ஓட ஹார்டுவேர் வடிவமைத்தது எல்லாம் அவரே. உள்ளே இருந்தது இன்டெல் 8080. 55 பேரையும் ஒரே நேரத்தில் நகர்த்த அந்த சிப்புக்குத் தெம்பு இல்லை. அதனால் ஒரு ஃப்ரேமுக்கு ஒரு ஏலியன்தான் நகரும். நொடிக்கு 60 ஃப்ரேம். ஆக, மொத்தக் கூட்டமும் ஓரடி வைக்க ஏறக்குறைய ஒரு நொடி. பத்துப் பேர் மிஞ்சினால் நொடிக்கு ஆறு அடி. ஒருவன் மட்டும் மிஞ்சினால், எல்லா ஃப்ரேமும் அவன் முறைதான். எந்திரத்தின் இயலாமை விளையாடுபவனுக்குப் படபடப்பாக மாறிவிட்டது. நிஷிகாடோ அதைப் பார்த்தார், பிடித்திருந்தது, அப்படியே விட்டுவிட்டார்.

நாலு வருஷம் கழித்து, 1982 ஏப்ரலில், பிரிட்டனில் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் வந்தது. 16 கே மெமரி உள்ளது 125 பவுண்டு, 48 கே 175 பவுண்டு. ரப்பர் கீபோர்டு, டிவி பெட்டிதான் திரை, கேசட்தான் சேமிப்பு. ஆர்கேடில் காசு போட்டு விளையாடிய ஆட்டம் வீட்டிலும் வேண்டும் என்று நினைத்த பிள்ளைகள் அதைத் தாங்களே எழுத ஆரம்பித்தார்கள். பத்திரிகைகள் முழு புரோகிராமையும் அச்சிட்டன. அதைப் பார்த்து வரி வரியாகத் தட்டி உள்ளே ஏற்ற வேண்டும். ஒரு கமா விட்டுப்போனாலும் ஓடாது. ஓடவில்லை என்றால் ஏன் என்று தேட வேண்டும். அந்தத் தேடலில்தான் நிறையப் பேர் புரோகிராமிங்கே கற்றுக்கொண்டார்கள். இன்வேடர்ஸ், கேலக்சியன், டிஃபெண்டர், ஆஸ்டிராய்ட்ஸ் எல்லாவற்றுக்கும் நகல்கள் வந்தன. சிலது பெயரைக்கூட மாற்றாமல் வந்தது. பிபிசி மைக்ரோவுக்கு ஏகார்ன்சாஃப்ட் வெளியிட்ட டிஃபெண்டர் நகல், முதலில் 'டிஃபெண்டர்' என்றே வந்து, பிறகுதான் 'பிளானெட்டாய்ட்' ஆனது.

நான் பிறந்தது 1993-ல். ஸ்பெக்ட்ரத்தைக் கையால் தொட்டதில்லை. என் லேப்டாப்பில் இருப்பது எமுலேட்டர். வேலை, இன்சூரன்ஸ் கிளெய்ம் மென்பொருள். அதில் ஒரு பக்கத்தின் ஒரு பகுதி என் பொறுப்பு. ஒன்பது வருஷமாக இந்தத் துறையில் இருக்கிறேன். ஒரு பட்டனை அழுத்தினால் உள்ளே என்ன நடக்கிறது என்று முழுதாகத் தெரிந்த ஒருவரை எங்கள் டீமில் நான் பார்த்ததில்லை. எனக்கும் தெரியாது. அது யாருடைய தப்பும் இல்லை, அவ்வளவு பெரிய வீடு. ஆனால் 'இது நான் செஞ்சது' என்று யாரிடமாவது காட்ட வேண்டுமென்றால் காட்ட ஒன்றுமில்லை.

அந்தச் சமயத்தில்தான் இயன் லோகனும் ஃபிராங்க் ஓ'ஹாராவும் 1983-ல் வெளியிட்ட ஒரு புத்தகம் கண்ணில் பட்டது. ஸ்பெக்ட்ரத்தின் 16 கே ரோமையும், அதாவது அந்த எந்திரத்தோடு பிறந்த மொத்த புரோகிராமையும், பிரித்துப் போட்டு விளக்கியிருந்தார்கள். எழுத்தைத் திரையில் எப்படிப் போடுகிறது, கூட்டல் எப்படிச் செய்கிறது, கேசட்டிலிருந்து எப்படிப் படிக்கிறது, எல்லாம். ஒரு கம்ப்யூட்டரை ஒரு மனுஷன் முழுசாகத் தெரிந்துகொள்ள முடியும் என்பதே எனக்குப் புதுசு. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு மணி நேரம் என்று ஆரம்பித்தேன். செய்து பார்க்க எடுத்துக்கொண்டது இன்வேடர்ஸ்.

முதலில் பேசிக்கில் எழுதினேன், அந்தக் காலத்துப் பிள்ளைகள் எழுதிய மாதிரியே. எட்டுக்கு எட்டு கட்டத்தில் உங்கள் சொந்தப் படத்தை வரைந்துகொள்ள ஸ்பெக்ட்ரம் 21 எழுத்துகளை ஒதுக்கி வைத்திருக்கிறது. கணக்கு நோட்டில் கட்டம் போட்டு, நிரப்பிய கட்டத்துக்கு 1, காலிக்கு 0 என்று எழுதினால் ஏலியன் வந்துவிடும். ஒரு வரிசை ஏலியன்களும் ஒரே சொல் மாதிரி. அதைத் திரையில் அச்சிடு, அடுத்த முறை ஒரு கட்டம் தள்ளி அச்சிடு. ஒன்று செத்தால் அந்த எழுத்தை இடைவெளியாக்கு. எளிமையான வழி. ஓடியது.

ஆனால் வேகம் கூடவில்லை. 55 பேர் இருந்தாலும் ஒருவன் இருந்தாலும் அச்சிடுவது அதே நீளச் சொல்தானே. இடைவெளியை அச்சிடவும் ஏலியனை அச்சிடவும் ஒரே நேரம்தான் ஆகும். படம் அதேதான், விதிகளும் அதேதான், பதற்றம் மட்டும் இல்லை. விளையாடிக்கொண்டே டீ குடிக்கலாம். ஒலியும் சேர்ந்து படுத்தியது. ஸ்பெக்ட்ரத்தில் ஒலிக்கென்று தனி சிப் கிடையாது, ப்ராசஸரே ஸ்பீக்கரைத் தட்டித் தட்டிச் சத்தம் எழுப்ப வேண்டும். பேசிக்கில் ஒரு 'பீப்' அடித்தால் அது முடியும்வரை ஆட்டம் நிற்கும். சத்தம் வேண்டுமா, அசைவு வேண்டுமா?

அசெம்பிளிக்குப் போனேன். 55 பேருக்கும் ஒரு பட்டியல். இங்கே நொடிக்கு 50 ஃப்ரேம். ஒவ்வொரு ஃப்ரேமிலும் பட்டியலில் உயிரோடு இருக்கும் அடுத்தவன் ஒருவனை மட்டும் நகர்த்து. அவ்வளவுதான் மாற்றம். வேகத்துக்கென்று ஒன்றும் எழுதவில்லை. சுட ஆரம்பித்தேன். இருபது பேர் போனதும் தோள் இறுகியது. கடைசி ஒருவன் ஓடிய ஓட்டத்தில் மூன்று முறை செத்தேன். நிஷிகாடோவுக்கு நடந்தது, நாற்பத்தைந்து வருஷம் கழித்து, வேறொரு எந்திரத்தில், அதே காரணத்தால் எனக்கும் நடந்தது.

இன்னொன்றும் நடந்தது. ஸ்பெக்ட்ரத்தைக் கிண்டல் செய்பவர்கள் எப்போதும் சொல்வது அதன் நிறப் பிரச்சினை. எட்டுக்கு எட்டு கட்டத்துக்குள் இரண்டு நிறம்தான் வைக்க முடியும். பச்சைக்காரன் சிவப்புக் கட்டத்துக்குள் நுழைந்தால் அவனும் சிவப்பாவான். பல ஆட்டங்களில் இது அசிங்கமாகத் தெரியும். ஆனால் இன்வேடர்ஸின் மூலத்தில் திரை கறுப்பு வெள்ளைதான். நிறம் தெரிய, அதன்மேல் பட்டை பட்டையாகக் கலர் தாள் ஒட்டியிருந்தார்கள். குண்டு மேலே போகப் போக, எந்தத் தாளுக்குப் பின்னால் இருக்கிறதோ அந்த நிறமாகும். ஸ்பெக்ட்ரத்தில் ஒரு பட்டைக்கு ஒரு நிறம் என்று வைத்துவிட்டால் அச்சு அசல் அதேதான்.

ஆபீஸ் நண்பன் ஒருவனிடம் இதைச் சொன்னேன். "டேய், இத ஃப்ரீயாவே விளையாடலாமே. இருக்குறதையே எதுக்குத் திரும்பச் செய்யுற?" என்றான். கேட்டதோடு நிற்கவில்லை, அங்கேயே ஏஐ-யிடம் ஒரு ஸ்பேஸ் இன்வேடர்ஸ் கேட்டு வாங்கிக் காட்டினான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நன்றாகவே ஓடியது. கடைசி ஏலியன் வேகமாகவும் ஓடியது. உள்ளே பார்த்தோம். எத்தனை பேர் செத்தார்களோ அதற்கேற்ப வேகத்தைக் கூட்டு என்று ஒரு வரி இருந்தது. இன்றைய லேப்டாப்பில் அப்படித்தான் எழுத முடியும், ஏனென்றால் 55 பேர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த வரி ஏன் அங்கே இருக்கிறது என்பதற்கான பதில் அந்த லேப்டாப்பில் இல்லை, 8080-ல் இருக்கிறது. அவன் கேள்விக்கு நான் அன்றைக்குச் சொன்னது இதைத்தான். அவன் பாதி ஏற்றுக்கொண்டான்.

நகல் எங்கே முடிகிறது, சொந்தம் எங்கே தொடங்குகிறது என்ற கேள்வி நீதிமன்றத்துக்கும் போயிருக்கிறது. 1981-ல் அமெரிக்காவின் மேரிலாந்தில், தங்கள் ஆஸ்டிராய்ட்ஸை 'மீட்டியார்ஸ்' என்ற ஆட்டம் காப்பி அடித்துவிட்டதாக அட்டாரி வழக்குப் போட்டது. நீதிபதி உட்கார்ந்து எண்ணினார். ஒற்றுமை 22, வேற்றுமை 9. ஆனாலும் தீர்ப்பு அட்டாரிக்குப் பாதகம். விண்கலம் ஒன்று பாறைகளைச் சுடும் என்று வைத்துக்கொண்டால் இந்த ஒற்றுமைகள் வந்தே தீரும், யோசனைக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது என்பது சாரம். நல்ல தீர்ப்பா என்பதை வக்கீல்கள் பேசட்டும். எனக்குப் பிடித்தது அந்த எண்ணிக்கை. ஓர் ஆட்டத்தை எதெதுவாகப் பிரிக்கலாம், அதில் எதை எடுத்தால் அது அதுவாக இருக்காது என்று ஒரு நீதிபதி உட்கார்ந்து யோசித்திருக்கிறார். ஸ்பெக்ட்ரம் முன்னால் உட்காரும் ஒவ்வொருவரும் அதைத்தான் யோசிக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் எல்லாவற்றுக்கும் இடம் இல்லை.

மூலம் என்று நாம் சொல்வதும் எங்கிருந்தோ வந்ததுதான். நிஷிகாடோ மனதில் இருந்தது அட்டாரியின் 1976 ஆட்டமான பிரேக்அவுட். மேலே செங்கல் வரிசை, கீழே பந்தைத் தட்டும் மட்டை. அதைவிட நல்லதாக ஒன்று செய்ய வேண்டும் என்று ஆரம்பித்தார். செங்கற்கள் நகர்ந்தன, திருப்பிச் சுட்டன. இங்கிலாந்தில் ஜெஃப் மின்டர் 1982-ல் விக்-20 கம்ப்யூட்டருக்கு டிஃபெண்டரைப் பார்த்து 'ஆண்டீஸ் அட்டாக்' எழுதினார். மூலத்தில் காப்பாற்ற வேண்டியது மனிதர்களை, இவருடையதில் லாமாக்களை. மின்டருக்கு லாமா பிடிக்கும், அவ்வளவுதான் காரணம். பன்னிரண்டு வருஷம் கழித்து, 1994-ல், அட்டாரியின் ஜாக்வாருக்காக அவர்களுடைய டெம்பெஸ்ட்டையே 'டெம்பெஸ்ட் 2000' ஆகத் திருப்பி எழுதியவரும் அதே மின்டர்தான்.

இப்போதும் இது நடக்கிறது, திசைதான் தலைகீழ். மைக்ரோசாஃப்டில் எக்ஸ்பாக்ஸுக்கான ஆட்டப் பிரிவை நடத்திய எட் ஃப்ரைஸ், 2010-ல் ஹேலோவை அட்டாரி 2600-க்கு எழுதினார். அது கம்ப்யூட்டர்கூட இல்லை, 1977-ல் வந்த கேம் பெட்டி. மெமரி 128 பைட். நீங்கள் இப்போது படிக்கும் இந்த வாக்கியத்தைத் தமிழில் சேமிக்கக்கூட அது போதாது. மொத்த ஆட்டமும் 4 கிலோபைட்டில் அடங்கியது. ஹேலோவிலிருந்து வானம் போனது, கதை போனது, முப்பரிமாணம் போனது. பச்சைக் கவச வீரனும் துப்பாக்கியும் எதிரிகளும் மிஞ்சின. பார்த்ததும் ஹேலோ என்று தெரிகிறது. 2013-ல் ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகம் அதைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது.

என்னுடையதை ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா அந்தக் காலத்தில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியவர். இடம் போக ஓ, வலம் போக பி, சுட ஸ்பேஸ் என்று சொன்னதும் கையைச் சரியாக வைத்துக்கொண்டார். தடுப்புக்குப் பின்னால் ஒளியலாம் என்று நான் சொல்லவில்லை, தானாகவே ஒளிந்தார். கடைசி ஏலியன் இறங்கி வந்தபோது "ஐயையோ, இது என்னடா இப்படி ஓடுது" என்று கீபோர்டை விட்டுவிட்டார்.

"இதெல்லாம் நீயே செஞ்சதாடா?"

"ஆமாம்மா."

"முழுசுமா?"

ஆட்டம் நிஷிகாடோவுடையது. படங்களும் அவர் வரைந்த மாதிரிதான். ஆனால் உள்ளே 3 கிலோபைட்டுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கிறது, அதில் எந்த பைட்டைத் தொட்டாலும் இது ஏன் இங்கே இருக்கிறது என்று என்னால் சொல்ல முடியும். வேலையில் ஒரு நாளும் இப்படிச் சொல்ல முடிந்ததில்லை. "முழுசும்தான்" என்றேன்.

இப்போது டிஃபெண்டரில் கை வைத்திருக்கிறேன். அதில் உலகமே பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். ஸ்பெக்ட்ரத்தின் ப்ராசஸருக்கு ஒரு ஃப்ரேமில் கிடைப்பது 69,888 துடிப்புகள். திரையின் 6144 பைட்டையும் வழக்கமான கட்டளையால் ஒருமுறை நகலெடுக்கவே ஏறக்குறைய 1,29,000 வேண்டும். ஆக, எல்லாவற்றையும் நகர்த்த முடியாது. மலைகளின் விளிம்புக்கோட்டை மட்டும் நகர்த்தலாம். நட்சத்திரங்களை விட்டுவிடலாம். இல்லை, நட்சத்திரங்களை வைத்துக்கொண்டு மலைகளை விடலாம். டிஃபெண்டர் எதில் இருக்கிறது, மலையிலா நட்சத்திரத்திலா என்று இன்னும் தெரியவில்லை. இந்த வாரம் மலையோடு ஒரு தடவையும், மலை இல்லாமல் ஒரு தடவையும் ஓட்டிப் பார்க்கப்போகிறேன்.