வடம் இல்லாத சின்னத்திரை

1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தன் ஒளிபரப்பைத் தொடங்கிற்று. காஞ்சி மாநகர் வரை அவ்வொளி எட்டுதற்கு மாடிகளின் மேல் உயர்ந்த அலுமினியக் கம்பங்கள் வேண்டியிருந்தன. வெள்ளிக்கிழமை மாலை ‘ஒலியும் ஒளியும்’ நேரத்தில் ஒருவர் மாடியில் கம்பத்தைச் சென்னைத் திசை நோக்கித் திருப்ப, “தெரிகிறது, தெரிகிறது” என்று கீழிருந்து மற்றொருவர் குரல் கொடுப்பதை நாம் சிறு பருவத்திற் கண்டதுண்டு. 1993 ஏப்ரல் 14இல் சன் தொலைக்காட்சி பிறந்தது. கம்பங்கள் சாய, தெருத்தோறும் கேபிள் வடங்கள் ஓடின. 2011இல் அரசு கேபிள் நிறுவனம் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு வழங்கிற்று. 2019இல் புதிய கட்டண முறை வந்தபின் அடிப்படைக் கட்டணமே 130 ரூபாயும் வரியும் என்றாயிற்று. கட்டண அலைவரிசைகளுக்கு விலை தனி.

சென்ற ஆண்டு நம் இல்லத்தில் அவ்வடத்தை நீக்கிவிட்டோம். இணைய இணைப்பு முன்பே இருந்தது. செய்தி அலைவரிசைகள் பலவும் யூடியூபில் நேரலையாகக் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பிரசார் பாரதி 2024 நவம்பரில் வெளியிட்ட ‘வேவ்ஸ்’ செயலியில் தூர்தர்ஷன் தமிழையும் காணலாம். ஆனால் சன் குழுமத்திற்கு ஒரு செயலி, விஜய்க்கு மற்றொரு செயலி, ஒவ்வொன்றுக்கும் சந்தா. எல்லாவற்றையும் கூட்டிப் பார்ப்போர் கேபிள்காரரை அவ்வளவாகக் குறை கூறமாட்டார்.

நம் அன்னையாருக்கு அலைவரிசைகள் எண்களாகவே மனத்திற் பதிந்திருந்தன. படங்களைத் தேடித் தொடும் இப்புது முறை அவருக்கு உவப்பாயில்லை. மேலும், செயலியின் நேரலை கேபிளுக்குச் சற்றுப் பிந்தியே வருகிறது. அரை நிமிடம் பிந்துவதும் உண்டு. கிரிக்கெட்டில் பந்து வீசப்படுமுன்னரே அடுத்த வீட்டில் ஆரவாரம் எழுந்துவிடும். அது சிரிப்புக்குரியது. ரமலானில் ஸஹர் முடியும் நேரத்தைச் செயலியை நம்பி அறிவதோ அவ்வாறன்று. அன்னையார் பழைய சுவர்க்கடிகாரத்தையே நம்புகிறார், அதுவே முறை.

பிள்ளையார்பாளையத்து நெசவாளர் இல்லங்களில் இச்செய்தி வேறு உருக்கொள்கிறது. குழித்தறியில் அமர்ந்தவருக்குத் தொலைக்காட்சி காண்பதற்கன்று, கேட்பதற்கு. உடலும் கரையும் இணையும் கோர்வையில் கண் பிசகினால் சேலை பழுதாகும். செவி மட்டுமே ஓய்ந்திருக்கிறது. 2020 ஊரடங்கில் கல்வித் தொலைக்காட்சிப் பாடங்களை அத்தகைய வீட்டுப் பிள்ளைகள் தறியின் ஓசைக்கிடையே கேட்டனர். வீட்டிலிருந்த ஒரே கைப்பேசி தந்தையாரோடு வெளியே சென்றிருந்தாலும் பாடம் நின்றதில்லை. வடம் வீட்டிலேயே இருந்தது.

அவ்வாறு படித்து நம் துறையில் சேர்ந்த மாணவர் ஒருவர், கேபிளை நீக்கிச் செயலிக்கு மாறலாம் எனத் தம் இல்லத்தில் வாதிட்டார். ஒரு வாரம் சோதனையும் நடந்தது. தினமும் கிடைக்கும் ஒன்றரை ஜிபி தரவு நண்பகலுக்கு முன்பே தீர்ந்தது. அவ்வப்போது திரை தானாக நின்று, தொடர்ந்து பார்க்கிறீர்களா என்று வினவிற்று. தந்தையார் ஒவ்வொரு முறையும் நாடாவை வைத்துவிட்டுக் குழியிலிருந்து எழவேண்டியதாயிற்று. எட்டாம் நாள் அவர் மகனிடம், “இதற்குப் பதில் சொல்ல ஓர் ஆள் வைக்க வேண்டும் தம்பி” என்றாராம். அம்மாதத்திற்குரிய கேபிள் கட்டணத்தை அன்று மாலையே செலுத்திவிட்டார்.