அட்டமி கழியட்டும்!

மேடையேறிப் பஞ்சாங்கத்தைக் கிழித்தெறிந்தவர்கள் நாம்! இராகு காலத்தில் திருமணம் நடத்தி வைத்து, மணமக்களினும் மிகுதியாக மகிழ்ந்தவர்கள் நாம்! அந்த நாமே, 1996-ஆம் ஆண்டு சூன் திங்களில், அதே பஞ்சாங்கத்தின் முன் வாய் மூடி நின்றோம். ஊரார் வீட்டில் அல்ல, தோழர்களே, நம் வீட்டில்!

காரைக்குடியை அடுத்த சிற்றூர் நமது. தந்தையார் கொத்தனார். செட்டிநாட்டு மாளிகைகளின் பழஞ்சுவரில் சாந்து உதிர்ந்த இடமெல்லாம் கடுக்காயும் முட்டை வெண்கருவும் கலந்து பூசி, கண்ணாடிபோல் மினுக்கித் தரும் கை அவருடையது. பத்தாம் வகுப்புத் தேர்வில் நம் தங்கை கணக்கில் 94 பெற்றாள். கல்லூரிச் சாலையில் போகும்போதெல்லாம் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தின் வாயிலைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பவள் அவள். "அண்ணே, முதல் குரூப் கேட்போம்" என்றாள்.

அப்பத்தா குறுக்கிட்டார்: "இன்றைக்கு அட்டமி, நாளை நவமி. தேய்பிறையில் பெண்பிள்ளையைப் புதுப் பள்ளியில் சேர்ப்பார்களா? வளர்பிறைப் புதன் வரட்டும். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது!"

தந்தையார் தலையாட்டினார். நாம்? எட்டே நாள்தானே, என்ன குடி முழுகிவிடும் என்று நாமும் இருந்துவிட்டோம். அந்த வாரம் நமக்குத் தேவகோட்டையில் கூட்டம். தலைப்பு, மூடநம்பிக்கை ஒழிப்பு! சிரிக்காதீர்கள், தோழர்களே.

புதன் வந்தது, பொன் வரவில்லை. முதல் குரூப்பில் இடமெல்லாம் நிரம்பிவிட்டது. வணிகவியலில் இடமிருந்தது. "பெண்ணுக்கு இதுவே போதும், எளிதாகத் தேறலாம்" என்று வீடே நிம்மதி கொண்டது. வேறொரு பள்ளிக்கு ஓடிப் பார்ப்போம் என்றுகூட நமக்குத் தோன்றவில்லை. ஏன்? அந்தத் தாளில் போடும் ஒரு கையெழுத்து, எந்தக் கதவைத் திறக்கும், எதை அடைக்கும் என்பது நமக்கும் தெரியாது. மடமைக்கு அஞ்சி வாய் மூடியது பாதி. அறியாமையால் மூடியது பாதி.

1978-க்கு முன் பதினோராம் வகுப்பில் பள்ளி இறுதித் தேர்வு. அதன்பின் கல்லூரியில் ஓராண்டுப் புகுமுக வகுப்பு. அந்த ஆண்டு முதல் மேல்நிலைக் கல்வி வந்தது. தேர்ந்தெடுக்கும் சுமை பதினைந்து வயதுக்கு இறங்கியது. பள்ளியை முடிப்பது இன்று பெரிய மலையன்று. பன்னிரண்டாம் வகுப்பில் ஆறு பாடம், பாடத்துக்கு 100, 35 பெற்றால் தேர்ச்சி. செய்முறை உள்ள பாடமாயின், எழுத்துத் தேர்வின் 70-இல் 15 ஆவது பெற வேண்டும். ஆனால் தேறுவது வேறு, தகுதி பெறுவது வேறு! 600-க்கு 590 வாங்கிய பிள்ளையும், கணிதமும் இயற்பியலும் வேதியியலும் படிக்கவில்லையெனில், அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கல்லூரிகளில் பெரும்பாலான பொறியியல் படிப்புகளுக்கு விண்ணப்பிக்க இயலாது. கலந்தாய்வில் கணிதத்துக்கு 100, மற்ற இரண்டுக்கும் ஐம்பது ஐம்பது, ஆக 200. உயிரியல் இல்லையேல் மருத்துவத்தின் பக்கம் தலை வைக்க முடியாது. சட்டத்துக்கோ எந்தக் குரூப்பும் போதும். இவ்வளவுதான் செய்தி! இதனைச் சொல்ல நம் தெருவில் ஒருவர் இல்லை.

வணிகவியலை நாம் இழிவாகச் சொல்லவில்லை. கணக்கால் கட்டப்பட்ட சீமையல்லவா இது! நகரத்தார் தம் பிள்ளைகளைப் பருமாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேற்றிய நாளில், எந்த வயதில் எதைக் கற்க வேண்டும் என்பது வீட்டுக்கு வீடு தெரியும். வட்டிக் கணக்குப் படித்தான், பெட்டியடிப் பையனாய்ப் போனான், அடுத்தாள் ஆனான், பின்னர் கடையையே நடத்தினான். இருபத்தைந்தில் எங்கே நிற்க வேண்டும் என்று முதலில் குறித்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணிப் பத்து வயதுக்கு வந்தார்கள். அது நாள் நட்சத்திரம் காட்டிய வழியன்று. கணக்கு காட்டிய வழி. ஆனால் அந்தக் கணக்கு ஆண்பிள்ளைக்கு மட்டும் போட்ட கணக்கு. அவர்கள் மாளிகைக்குச் சாந்து பூசியவன் வீட்டுப் பெண்ணுக்கு அதை யார் போட்டார்கள்?

வள்ளல் அழகப்பர் 1947-இல் கல்லூரி கண்டார். 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் தந்து மின்வேதியியல் ஆய்வகத்தை இம்மண்ணுக்குக் கொண்டுவந்தார். 1953-இல் அது திறக்கப்பட்டது. வாயில் நம் ஊரிலேயே இருக்கிறது. உள்ளே போகும் சீட்டு, பத்தாம் வகுப்பு முடிந்த கோடையில் கிழிக்கப்படுகிறது!

அமெரிக்கப் பள்ளிகளில் மாணவன் நான்காண்டுகளில் பாடம் பாடமாய் மதிப்பலகு சேர்த்துத் தேறுகிறான். ஒன்றில் தவறினால் அதை மட்டும் மீண்டும் படிக்கிறான். இங்கே பாடங்கள் கட்டுக் கட்டாய் வருகின்றன. ஒரு கட்டை எடுத்தால் மறு கட்டை விட வேண்டும். இன்னொன்று: 2017-18-இல் கொண்டுவந்த பதினோராம் வகுப்புப் பொதுத் தேர்வை, 2025-இல் வந்த மாநிலக் கல்விக் கொள்கை நீக்கியது. பிள்ளைகளின் சுமை குறைந்தது, நன்று. ஆனால் பொதுத் தேர்வு இல்லையென்று பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தாண்டிச் செல்லும் பள்ளியிருந்தால், நுழைவுத் தேர்வில் அடி வாங்குவது அந்தப் பிள்ளை.

தவறிய பிள்ளைக்குப் பக்க வாயில்களும் உண்டு. பத்தாம் வகுப்பில் தோற்றால் துணைத் தேர்வு எழுதி, அதே ஆண்டிலேயே மேலே சேரலாம். பாலிடெக்னிக்கில் பட்டயம் பெற்றால் பொறியியலில் நேரே இரண்டாம் ஆண்டு. தமிழகம் முழுமைக்குமான அந்தக் கலந்தாய்வு, பல ஆண்டுகளாக நம் காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரியில்தான் நடந்தது! நம் தங்கை வணிகவியலில் சேர்ந்த நாளில், இவற்றில் ஒன்றைக்கூட நாம் அறிந்திலோம்.

தந்தையார் பின்னொரு நாள் சொன்னார்: "நிலை வைக்காமல் சுவரை எழுப்பிவிட்டேன், தம்பி. பிறகு வாசல் வேண்டுமென்றால் இடிக்கத்தானே வேண்டும்?" ஊராருக்கெல்லாம் நிலை வைத்துக் கொடுத்தவர்!

தங்கை இன்று ஒரு துணிக்கடையில் கணக்கெழுதுகிறாள். மாதக் கடைசியில் ஒரு காசு பிசகாது. நம்மை அவள் குறை சொன்னதில்லை, சொல்லியிருந்தால் எளிதாயிருக்கும்.

2024 மே 10, வெள்ளிக்கிழமை. காலை ஒன்பதரைக்குப் பத்தாம் வகுப்பு முடிவு வந்தது. அன்று அட்சய திருதியை. ஊரே நகைக்கடை வாயிலில். தங்கை கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, மகளை அழைத்துக்கொண்டு பேருந்து ஏறினாள். நாமும் உடன் போனோம். பள்ளி அலுவலகத்தில் விண்ணப்பத்தாளை வாங்கி, "கணிதம், உயிரியல்" என்று மகள் தன் கையாலேயே எழுதினாள். தங்கை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தே முக்கால், நல்ல இராகு காலம்.

"பேனா இருக்கிறதா, அண்ணே?" என்றாள். கையெழுத்திட்டாள்.