பீட்டில்ஸும் பெரியப்பாவின் தவிலும்

ராக் பாட்டு என்றால் பெரும்பாலும் நாலு. டிரம்ஸ் ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு என்று போக, நாமும் தலையை ஆட்டிக்கொண்டே போகலாம். ஆனால் சில பாட்டுகள் பாதி வழியில் சொல்லாமல் கொள்ளாமல் மூணுக்குத் தாவிவிடும். வெள்ளைக்காரர்கள் ஜோடி ஜோடியாகச் சுற்றி ஆடுவார்களே, வால்ட்ஸ், அந்த மூணு. இப்படித் தாவுகிற பாட்டுகள் மேல் எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. என் செல்போனில் இதற்கென்றே தனி லிஸ்ட் இருக்கிறது (சிரிக்காதீங்க மக்களே).

அதில் முதல் பாட்டு, பீட்டில்ஸின் 'வி கேன் வொர்க் இட் அவுட்'. 1965 அக்டோபர் 20-ல் பதிவு செய்தார்கள். நடுவில் வால்ட்ஸ் போடலாம் என்று யோசனை சொன்னவர் ஜார்ஜ் ஹாரிசன் என்பார்கள். நேராகப் போய்க்கொண்டிருந்த பாட்டு அந்த இடத்தில் லேசாகச் சுழன்றுவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி பழையபடி நடக்கும்.

என் பெரியப்பா மணப்பாறைப் பக்கம் தவில் வாசிப்பவர். ஒருநாள் திருச்சிக்குப் பஸ்ஸில் போகும்போது ஹெட்செட்டின் ஒரு பக்கத்தை அவர் காதில் மாட்டிவிட்டேன். வார்த்தை ஒன்றும் புரியவில்லை, ஆனால் கை தன்பாட்டுக்குத் தொடையில் தாளம் போட ஆரம்பித்தது. அந்த இடம் வந்தது. கை நிற்கவே இல்லை!

"திஸ்ரம் போட்டிருக்கான்டா. யாரு இவன்?" என்றார்.

அடுத்து 1966-ல் வந்த 'ஷி செட் ஷி செட்' பாட்டைப் போட்டேன். அதுவும் நாலிலிருந்து மூணுக்குப் போவதுதான். இங்கே அவர் கை சட்டென்று நின்றது. "இது வேறடா. இங்க தாளமே மாறுது."

லிஸ்ட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு பாட்டுகளை இரண்டே தட்டில் பிரித்து வைத்துவிட்டார். விஷயம் இதுதான். முதல் பாட்டில் தட்டுகளுக்கு நடுவே இருக்கும் தூரம் மாறவில்லை. ஒரு தட்டுக்குள் 'தகதிமி' என்று நாலு இருந்த இடத்தில் 'தகிட' என்று மூணு உட்கார்ந்துகொண்டது. நம் ஊர்ப் பேச்சில் நடை மாறியது, சதுஸ்ரம் திஸ்ரமானது. ஆதி தாளத்தில் எட்டு எண்ணிக்கை. நாலு நாலாகப் போட்டால் 32, மூணு மூணாகப் போட்டால் 24. எட்டு மட்டும் எட்டாகவே இருக்கும். இரண்டாவது பாட்டில் அப்படி இல்லை. தட்டின் உள்ளே ஒன்றும் மாறவில்லை, ஒரு சுற்றுக்கு எத்தனை தட்டு என்பதே மாறிவிடுகிறது. கை தடுமாறாமல் என்ன செய்யும்?

சாமி புறப்பாட்டில் வாசிக்கிற மல்லாரியை மூன்று காலத்திலும் வாசித்துவிட்டுத் திஸ்ரத்திலும் வாசிப்பார்கள். பாட்டு வரி கிடையாது, கம்பீரநாட்டையில் நாதஸ்வரமும் தவிலும் மட்டும்தான். திருச்சி சங்கரன் என்ற மிருதங்க வித்வான், பழனி சுப்பிரமணிய பிள்ளையின் சீடர். 1971-லிருந்து கனடாவில் யார்க் பல்கலைக்கழகத்தில் பல வருஷம் மாணவர்களுக்கு இந்தக் கணக்கையெல்லாம் சொல்லிக் கொடுத்தார். டொராண்டோ பையன்கள் உட்கார்ந்து படித்த பாடம் இது.

நம்ம பசங்களுக்கோ தவில் என்றால் "ஒரே சத்தம்". பெரியப்பாவைக் கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறார்கள்தான். தாலி கட்டும் நேரத்துக்குக் கெட்டிமேளம், அவ்வளவுதான். ரிசப்ஷனுக்கு டிஜே. கெட்டிமேளத்தில் நடை மாற்ற ஏது இடம்? ஐந்து நிமிஷம் தனியாக வாசிக்கச் சொல்லி யாராவது கேட்டு எத்தனை முகூர்த்தம் ஆச்சோ, அவருக்கே கணக்கு இல்லை. எல்லாத்துக்கும் கணக்கு வைத்திருக்கிற மனுஷன்! வாசிக்காத கை மறந்துவிடும் என்று அவர் சொல்வதில்லை. வீட்டில் சும்மா இருக்கும்போது தொடையில் தட்டிக்கொண்டே இருக்கிறார்.

அதனால் மக்களே, ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த கல்யாணத்தில் தவில் சத்தம் கேட்டதும் பந்திக்கு ஓடாதீர்கள். கிட்டப் போய் நின்று தொடையில் தாளம் போடுங்கள். கை அதே இடத்தில் விழுந்துகொண்டிருக்கும்போதே காலுக்குக் கீழே தரை சுழல்கிற மாதிரி இருந்தால், "அண்ணே, இன்னொரு தடவை" என்று கேளுங்கள். பந்தி எங்கேயும் போய்விடாது.