சாக்கடை எந்தப் பக்கம்?

ஓட்டல் கட்டுவதென்றால் ஆண்பிள்ளைகளுக்கு முதலில் நினைவு வருவது பெயர்ப்பலகை, பெண்களுக்கோ தண்ணீர்! பழவேற்காட்டில் மீன் சாப்பாட்டு ஓட்டல் கட்ட, என் இளைய நாத்தனார் தன் வளையல்களைக் கழற்றிக் கொடுத்தாள். கொடுத்த கையோடு ஒரு கேள்வியும் கேட்டாள்: "பாத்திரம் கழுவின தண்ணி எங்கே போகும்?"

"ஏரிதான் பக்கத்திலேயே இருக்கேம்மா!" என்றார் மேஸ்திரி.

நல்ல கதை! கடல்நீரும் ஆற்றுநீரும் கலக்கும் அந்த ஏரியில்தான் இறால் வளர்கிறது. வலை போடும் இடங்களை மீனவர்கள் 'பாடு' என்று முறை வைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். அவர்கள் பிழைப்பும் அதில். ஓட்டலுக்கு வரவேண்டிய மீனும் அதில். சோற்றுப் பானையிலேயே கை கழுவலாமா?

சட்டமும் அவள் கட்சிதான். 1991-ல் வந்து, 2011-லும் 2019-லும் புதுப்பிக்கப்பட்ட கடற்கரை ஒழுங்குமுறை அறிவிப்பு, சுத்திகரிக்காத கழிவுநீரை அங்கே விடக் கூடாது என்கிறது. ஏரி பறவைகள் சரணாலயம் வேறு!

ஆகவே கரையை விட்டு, ஊருக்குள் மனை பார்த்தார்கள். எண்ணெய் மிதந்து தங்க ஒரு தொட்டி, கழிவுக்கு ஒரு தொட்டி, மழைநீருக்கு ஒரு தொட்டி. மூன்றும் வரைபடத்தில் ஏறிய பிறகுதான் மேஜை நாற்காலிக்கு இடம் கிடைத்தது.

"ஜன்னலில் ஏரி தெரியாதே!" என்று அவள் கணவருக்குக் குறை.

"தட்டிலே தெரியும்" என்றாள் அவள்.