காற்று புகுந்த வழி

கோலார் தங்கவயலில் பன்னிரண்டு ஆண்டுகள் தார்ப்பாய்க்குள் கிடந்த ஒரு பழைய ராஜ்தூத் 350. அதை ஓட வைக்க ஒரு குளிர்காலம் பிடித்தது.

இந்தியாவில் 1983ல் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறவருக்கு அதிகம் யோசிக்க இடமில்லை. கம்பீரம் வேண்டுமென்றால் புல்லட். அதன் சக்தி 18 குதிரை. துள்ளல் வேண்டுமென்றால் மைசூரில் தயாரான யெஸ்டி. இந்தக் கூட்டத்துக்குள் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் அந்த ஆண்டு கொண்டுவந்து நிறுத்தியதுதான் ராஜ்தூத் 350. ஜப்பானின் யமஹா பத்தாண்டுகளுக்கு முன் உலகச் சந்தையில் விட்ட ஆர்.டி. 350ன் இந்திய வடிவம். இரட்டை சிலிண்டர், ஆறு கியர், 30 குதிரை சக்தி. மணிக்கு 50 கிலோமீட்டரில் போவதையே வேகம் என்று நினைத்த சாலைகளில் அது 140ஐத் தாண்டியது.

நாடு அதற்குத் தயாராக இல்லை. லிட்டருக்கு 20, 25 கிலோமீட்டர்தான் கொடுத்தது. ஓரிரு ஆண்டுகளில் 100 சி.சி. ஜப்பானியக் கூட்டு வண்டிகள் வந்து மைலேஜ் மந்திரம் ஓதத் தொடங்கின. 80களின் முடிவோடு ராஜ்தூத் 350ன் தயாரிப்பும் முடிந்தது. விற்காமல் தேங்கிய வண்டி, பழைய இரும்புக்குப் போன பிறகு காவியமானது. இன்று பெங்களூரில் ஓடும் நிலையில் உள்ள ஒன்றுக்கு லட்சங்களில் விலை சொல்கிறார்கள்.

அப்படி ஒன்றை என் அண்ணன் 1993ல் இரண்டாம் கையாக வாங்கினார். அவர் சுரங்கத்தில் மெக்கானிக். நிலத்துக்குக் கீழே பம்புகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஷிப்ட் முடிந்து கூண்டில் மேலே வந்ததும் குளித்துவிட்டு வண்டியை எடுப்பார். சாம்பியன் ரீஃபிலிருந்து ராபர்ட்சன்பேட்டைக்கு அவர் கிளம்பினால் எங்கள் லைன் வீடுகள் அத்தனைக்கும் தெரியும். அந்த சத்தம் அப்படி.

2001 பிப்ரவரி 28ல் சுரங்கம் மூடப்பட்டது. ஜான் டெய்லர் கம்பெனி 1880ல் தொடங்கி, மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை தோண்டிய உலகம் ஒரே நாளில் நின்றது. ஊரில் பாதிப் பேர் விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகத் தொடங்கினோம். நானும் அதில் ஒருவன். அண்ணன் வளைகுடாவுக்குப் போனார். விடுமுறையில் வரும்போதெல்லாம் வண்டியை உதைத்து ஒரு சுற்று சுற்றுவார். கடைசியாக அதை உதைத்தது 2010ல். 2012ல் அவர் உடல்தான் வந்தது.

அதன் பிறகு வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டோம். 2023 நவம்பரில் பெங்களூரிலிருந்து ஒருவர் தேடிக்கொண்டு வந்தார். பழைய வண்டிகளைச் சேகரிப்பவர். தார்ப்பாயை விலக்கிப் பார்த்துவிட்டு, இருக்கிற நிலையிலேயே ஒன்றரை லட்சம் தருவதாகவும், பொங்கல் வரை யோசித்துச் சொல்லலாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் மகனுக்கு வயது 22. ஐ.டி.ஐ. முடித்து அப்ரன்டிஸாக இருக்கிறான். விற்கவே கூடாது என்றான். அண்ணி வெகுநேரம் பேசவில்லை. பிறகு என்னிடம் சொன்னார்:

"பொங்கலுக்குள்ள ஓடினா வெச்சிக்கோங்க. ஓடலன்னா குடுத்துடுங்க. பொணம் மாதிரி மூடி வெச்சிக்கினு தெனம் அதத் தாண்டிப் போக என்னால முடியல."

அவருக்கு இன்னொரு பயமும் இருந்தது. இந்த வண்டியின் ஆங்கிலப் பெயரின் இரண்டு முதலெழுத்துகளை 'ராப்பிட் டெத்' என்று விரித்துச் சொல்வது அந்தக் காலத்து வழக்கம். ஜப்பானிய மூல வண்டியில் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் இருந்தது. இந்தியாவில் டிரம் பிரேக்தான் வைத்தார்கள். வேகம் எடுக்கும் அளவுக்கு அது நிற்காது என்பது ஊரறிந்த விஷயம். கணவன் ஓட்டியபோது கட்டிய நெருப்பை மறுபடி மகனுக்காகக் கட்டிக்கொள்ள வேண்டுமா என்பது அவருடைய கேள்வி. நியாயமான கேள்வி.

எங்கள் லைனிலேயே மூன்று வீடு தள்ளி ஒரு பெரியவர் இருக்கிறார். சுரங்க ஒர்க்‌ஷாப்பில் முப்பது ஆண்டுகள் ஃபிட்டர். எல்லோருக்கும் ஃபிட்டர் மாமா. சுரங்கத் தூசி நுரையீரலில் தங்கிவிட்டது. நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கும். மார்கழிக் குளிர் அவருக்கு எமன். டிசம்பர் விடியலில் சயனைட் மேடுகளின் மேல் பனி இறங்கும்போது அவருடைய இருமல் லைன் முழுக்கக் கேட்கும். ஆனாலும் ஞாயிறு காலை பத்து மணிக்கு, வெயில் வந்த பிறகு, மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு ஒரு முக்காலியில் வந்து உட்கார்ந்துவிடுவார். கையால் எதையும் தொடமாட்டார். சொல்லுவார். செய்வது நாங்கள்.

முதல் நாள் அவர் சொன்னது: "ஓட வெக்கிறது பெரிசில்ல தம்பி. நிக்க வெக்கணும். மொதல்ல பிரேக்க எடு."

ஆக, எஞ்சினில் கை வைப்பதற்கு முன்பே முன்சக்கரம் கழன்றது. இந்த டிரம்மில் இரண்டு ஷூக்களுமே சுழற்சியின் திசையில் கடித்துப் பிடிக்கும் அமைப்பு. இரண்டையும் இணைக்கும் கம்பி சரியான நீளத்தில் இருந்தால்தான் இரண்டும் ஒரே கணத்தில் டிரம்மைத் தொடும். இல்லாவிட்டால் ஒன்று உழைக்கும், மற்றது வேடிக்கை பார்க்கும். டிரம்மை லேத்தில் கொடுத்து வட்டம் பிசகாமல் சீவினோம். ஷூக்களுக்குப் புது லைனிங் ஒட்டினோம். கம்பியைத் திருகித் திருகி இரண்டு ஷூவும் சேர்ந்து கடிக்கும் புள்ளியைக் கண்டுபிடிக்க ஒரு முழு ஞாயிறு போனது. அண்ணி திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு எஞ்சின். பிஸ்டன்கள் இரண்டும் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டிருந்தன. டீசல் ஊற்றி ஒரு வாரம் ஊறவிட்டு, மரக்கட்டை வைத்துத் தட்டித் தட்டி எடுத்தோம். சிலிண்டர்களை ரீபோர் செய்து அடுத்த அளவு பிஸ்டன் போட்டோம். 64 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரில் பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையே விட வேண்டிய இடைவெளி, ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் நாலைந்து பங்கு. கிராங்கைப் பிரித்து பேரிங், கனெக்டிங் ராடு எல்லாம் மாற்றினோம். ஆயில் சீல்களும் புதிது. கம்பெனி பாக்கெட் பிரிக்காத சரக்கு.

பாயின்ட் வைக்கும் வேலையை ஃபிட்டர் மாமா பையனிடம் கொடுத்தார். இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனி பாயின்ட். பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்கு 2 மில்லிமீட்டர் இருக்கும்போது பாயின்ட் திறந்து தீப்பொறி பிறக்க வேண்டும். பாயின்டுகளுக்கு நடுவே சிகரெட் பேப்பரை வைத்து இலேசாக இழுத்துப் பிடிக்கச் சொன்னார். பாயின்ட் திறக்கும் கணத்தில் பேப்பர் கைக்கு வந்துவிடும். அன்று சாயங்காலத்துக்குள் பையன் அரைப் பாக்கெட் பேப்பரைத் தீர்த்தான். இரண்டு பக்கமும் துல்லியமாக அமைந்தது.

டிசம்பர் கடைசி ஞாயிறு, ஏழாவது உதையில் வண்டி கிளம்பியது. நீல நிறப் புகையும் அந்தப் பழைய சத்தமும் லைனை நிரப்பின. நாலைந்து வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். அண்ணி உள்ளே போய்விட்டார்.

சந்தோஷம் மூன்று நாள்தான். மதிய வெயிலில் ஒழுங்காக ஓடும் வண்டி, காலைக் குளிரில் மணிக்கு 60ஐத் தொட்டதும் இடது சிலிண்டரில் இறுக ஆரம்பித்தது. இரண்டு பிளக்கையும் கழற்றிப் பார்த்தோம். வலது பிளக் நல்ல காபிக்கொட்டை நிறம். இடது, சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. அதாவது இடது பக்கத்துக்குப் பெட்ரோல் போதவில்லை, அல்லது காற்று அதிகம். குளிர்ந்த காற்று அடர்த்தியானது. அதே கார்புரேட்டர் வழியாகக் காலையில் கூடுதல் காற்று போகும், பெட்ரோலின் விகிதம் இன்னும் குறையும். வெயிலில் ஒளிந்திருந்த கோளாறு மார்கழியில் வெளியே வந்துவிட்டது. இப்படியே ஓட்டினால் பிஸ்டன் ஓடும் வண்டியில் பிடித்துக்கொள்ளும். பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் ஓட்டுபவன் கதி என்ன என்பதை எழுத வேண்டியதில்லை.

பொங்கலுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது.

ஃபிட்டர் மாமாவின் முறை, ஒவ்வொன்றாகக் கழிப்பது. இடது கார்புரேட்டரையும் வலதையும் இடம் மாற்றச் சொன்னார். கோளாறு இடதிலேயே நின்றது. ஆக கார்புரேட்டர் குற்றமில்லை. பிளக்குகளை மாற்றிப் போட்டோம். அப்படியே. பாயின்ட் மறுபடி பார்த்தோம். சரி. கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் ரப்பர் குழாயைச் சோதித்தோம். விரிசல் இல்லை. அப்போது அவர் ஆக்ஸிலேட்டரை முறுக்கிவிட்டு விடச் சொன்னார். கையை எடுத்த பிறகும் எஞ்சின் வேகம் உடனே இறங்காமல் தயங்கி இறங்கியது. பெரியவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"காத்து எங்கியோ பூருது தம்பி. கீழப் பாரு."

டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் தனித்தன்மை இது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் இருக்கும் அறையில் வெறும் ஆயில்தான். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை முதலில் அந்த அறைக்குள் உறிஞ்சப்பட்டு, பிறகுதான் மேலே சிலிண்டருக்குப் போகிறது. அந்த அறைதான் எஞ்சினின் நுரையீரல். கிராங்கின் இரு முனைகளிலும் உள்ள சீல்கள் காற்றை அடைத்து நிற்க வேண்டும். வலது சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகை கக்கும். பார்த்த உடனே தெரிந்துவிடும். இடது சீல் வறண்ட பக்கத்தில், டைனமோவுக்குப் பின்னால் இருக்கிறது. அது போனால் புகை வராது, ஒழுகாது. சத்தமில்லாமல் காற்றை உள்ளே விடும்.

எப்படி நிரூபிப்பது? சுரங்கத்தில் துளைக் கருவிகள் ஓடியது அழுத்தப்பட்ட காற்றில். மைல் கணக்கில் போன குழாய்களில் எங்கே கசிகிறது என்று சோப்புத் தண்ணீர் தடவித்தான் பார்ப்பார்களாம். இங்கேயும் அதையே செய்யலாம் என்றார். அழுத்தம் அளக்க என்ன செய்வது? வீட்டுக்குப் போய் தன்னுடைய ரத்த அழுத்தக் கருவியைக் கொண்டுவந்தார். அதன் முள் 300 வரை போகும். சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய ஆறு பவுண்டு. ஒரு டூ ஸ்ட்ரோக் எஞ்சினைச் சோதிக்க மெக்கானிக்குகள் ஏற்றும் அழுத்தமும் அதேதான்.

லாரி டியூபை வெட்டி, காற்று வரும் வழியையும் புகை போகும் வழியையும் இரண்டு பக்கமும் அடைத்தோம். ஒரு பிளக் துவாரத்தை மூடி, இன்னொன்றில் கருவியின் குழாயைப் பொருத்தினோம். பையன் பல்பை அமுக்க அமுக்க முள் 300ஐத் தொட்டது. ஒரு நிமிடமாவது ஏறக்குறைய அங்கேயே நிற்க வேண்டும். நிற்கவில்லை. பத்து எண்ணுவதற்குள் விழுந்துவிட்டது. டைனமோவைக் கழற்றி, இடது சீலைச் சுற்றிச் சோப்பு நுரையைத் தடவி மறுபடி அமுக்கினான். நுரையில் ஒரு குமிழ் எழுந்தது. பின்னால் இன்னொன்று.

சீல் புதிதுதான். ஆனால் பாக்கெட்டுக்குள் முப்பது வருடம் இருந்தால் ரப்பர் கிழடாகிவிடுகிறது. நகத்தால் அழுத்தினால் அதன் உதடு பிளாஸ்டிக் மாதிரி கெட்டியாக இருந்தது. எஞ்சினை மறுபடி இறக்கிப் பிரித்து, சமீபத்தில் தயாரான சீல்களைத் தேடி வாங்கி இரண்டு பக்கமும் மாற்றினோம். இந்த முறை முள் 300ல் ஏறி நின்றது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். ஃபிட்டர் மாமா ஒன்றும் சொல்லவில்லை. கருவியின் பட்டையைத் தன் கையில் சுற்றிக்கொண்டு, "இப்ப எனக்குப் பாருடா" என்று பையனிடம் நீட்டினார்.

போகிக்கு முந்தைய நாள், காலை ஆறரை மணிக் குளிரில் நானே ஓட்டிப் பார்த்தேன். 60, 70, 80. இறுக்கம் இல்லை. திரும்பி வந்து பிளக் பார்த்தோம். இரண்டும் காபிக்கொட்டை நிறம். அண்ணி வெளியே வந்து ஒன்றே ஒன்று கேட்டார்: "நிக்குதா?" லைன் முனையிலிருந்து வேகமாக வந்து அவர் எதிரில் பிரேக் பிடித்துக் காட்டினேன். நின்றது.

பெங்களூர்க்காரருக்கு அன்றே போன் செய்துவிட்டோம். வாரிசு முறையில் ஆர்.சி.யை அண்ணி பெயருக்கு மாற்றி, ஆய்வுக்குக் கொண்டுபோய்க் காட்டி, பசுமை வரி கட்டி ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்தாயிற்று. சாவி அண்ணியிடம்தான். ஞாயிறு காலை மட்டும் பையனுக்குக் கிடைக்கும். கிளம்பும் முன் அவன் முன் பிரேக்கை நாலு முறை பிடித்துக் காட்ட வேண்டும்.

சுரங்கம் மூடியபோது போனது தங்கம் மட்டும் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். சத்தத்தை வைத்துக் கோளாறு சொல்லும் காதுகளும், நூறில் ஒரு மில்லிமீட்டரை உணரும் விரல்களும் இந்த ஊரில் ஆயிரக்கணக்கில் இருந்தன. அவை ஒவ்வொன்றாகத் தீர்ந்துகொண்டிருக்கின்றன. எங்கள் லைனில் இப்போது ஒரு 22 வயதுப் பையனுக்குச் சிகரெட் பேப்பரை வைத்துப் பாயின்ட் அமைக்கத் தெரியும், சோப்பு நுரையில் கசிவைக் கண்டுபிடிக்கத் தெரியும். போன மாதம் பக்கத்துத் தெருவிலிருந்து ஒருவர் தன் பழைய யெஸ்டியைத் தள்ளிக்கொண்டு வந்து அவனைத்தான் கேட்டார்.

வண்டி லிட்டருக்கு 22 கிலோமீட்டர் கொடுக்கிறது. அண்ணியின் கணக்கு நோட்டில் இந்தக் குற்றத்துக்கு மட்டும் இன்னும் மன்னிப்பு கிடைக்கவில்லை.