வாசலுக்கு அடியில் ஒரு வரவு செலவு

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்)

ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்ற அறிவிப்பைக் கண்டதுமே நண்பர்கள் பலர் நிலவையும் நட்பையும் தாய்மையையும் பங்கிட்டுக்கொண்டனர். எஞ்சியது சாக்கடை. அதை நான் எடுத்துக்கொண்டேன். படிப்போர் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. இது பெரும்பாலும் கணக்குதான். சொந்த வீடு உள்ளவர்களுக்கும், ஓய்வூதியப் பணத்தில் பழைய வீடு ஒன்றை வாங்கலாம் என்று மனத்துக்குள் பார்த்து வைத்திருக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும் இது ஒருநாள் பயன்படும்.

எங்கள் வீடு மதுரையில், பழைய நகரத்துக்குள், ஒரு முடுக்கில் இருக்கிறது. பக்கத்து வீட்டுச் சுவரும் எங்கள் சுவரும் ஒன்றே. கொல்லையில் கழிப்பறை, வாசலுக்கு வெளியே பாதாளச் சாக்கடை. இரண்டுக்கும் நடுவே அடுப்படி, பட்டாசாலை, திண்ணை எல்லாம் உண்டு. ஆகவே கழிவுநீர்க் குழாய் நாங்கள் உண்ணும் இடத்துக்கும் உறங்கும் இடத்துக்கும் கீழேதான் சென்றாக வேண்டும். தாத்தா காலத்தில் பதித்தது ஸ்டோன்வேர் குழாய். பேச்சு வழக்கில் பீங்கான் குழாய் என்பார்கள். நல்ல சரக்குதான், அமிலத்துக்கும் அசையாது. ஆனால் ஒரு குழாயின் நீளம் இரண்டடி. வாசல்வரை 54 அடி என்றால் 27 குழாய்கள், 26 இணைப்புகள். ஒவ்வோர் இணைப்பும் சிமெண்டுப் பூச்சு. வீடு ஒரு நூல் இறங்கினாலும் பூச்சில் கீறல் விழும். கீறலில் ஈரம் கசியும். ஈரத்தைத் தேடி வேர் வரும். எங்கள் முடுக்கு முனையில் ஓர் அரசமரம் இருக்கிறது. அதன் நிழலுக்கு நாங்கள் கொடுத்த வாடகையைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

குழாய் செய்யும் கலை நமக்குப் புதிதன்று. மதுரைக்கு அருகிலுள்ள கீழடியில் 2019-இல் நடந்த அகழாய்வில், ஒன்றோடு ஒன்று பொருந்திய சுடுமண் குழாய்கள் வெளிப்பட்டன. செய்தித்தாளில் அந்தப் படத்தைப் பார்த்த அப்பத்தா, "நம்ம வீட்டுக் குழாய விட நல்லாத்தான இருக்கு" என்றார். அவர் சொன்னது வேடிக்கையாக இருந்தாலும் பொய்யில்லை.

2024-ஆம் ஆண்டின் முதல் ஏழு மாதங்களில் மூன்று முறை அடைப்பு ஏற்பட்டது. அடைப்பு எங்கே என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. கொல்லைச் சேம்பரின் மூடியையும் வாசல் சேம்பரின் மூடியையும் திறக்க வேண்டும். மேலே நீர் நின்று கீழே வறண்டிருந்தால் அடைப்பு வீட்டுக்குள். இரண்டிலும் நீர் நின்றால் வாசலுக்கு அப்பால். முதல் இரு முறை வீட்டுக்குள். மூங்கில் பட்டை விட்டுக் குத்தியதில் நீர் போயிற்று. ஒவ்வொரு முறைக்கும் 800 ரூபாய். மூன்றாம் முறை இரண்டு சேம்பரிலும் நீர் நின்றது.

அப்போதுதான் ஒருவர் வந்தார். இத்தகைய வேலைகளுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது அவர் தொழில். என் வயதே இருக்கும் ஓர் இளைஞனையும் உடன் அழைத்து வந்திருந்தார். "எதுக்குண்ணே வீட்ட உடைக்கிறீங்க? தம்பி மேன்ஹோலுக்குள்ள எறங்கி, உள்ள இருந்து வேர வெட்டி இழுத்துருவான். ரெண்டாயிரத்து ஐந்நூறு கொடுங்க, சோலி முடிஞ்சிரும்" என்றார்.

அப்பா ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவர். முந்தின நாள்தான் பிளம்பர் 38,000 ரூபாய் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஒரு பக்கம் 2,500; மறுபக்கம் 38,000. அக்காவின் பி.எட். கட்டணத்துக்கென்று போட்டுவந்த சீட்டைத் தவிர வீட்டில் வேறு சேமிப்பு இல்லை. அப்பா சிறிது நேரம் பேசாமல் நின்றதை நான் பார்த்தேன்.

மேன்ஹோலுக்குள் இருப்பது வெறும் நாற்றம் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அழுகும் கழிவிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு பிறக்கிறது. காற்றை விடக் கனமானது. ஆகையால் குழியின் அடியில் தங்கும். சிறிதளவில் அழுகிய முட்டை மணம் வீசும். அளவு மிகும்போது மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று உள்ளே இருப்பவன் நினைக்கும் அந்த நேரம்தான் அவனுக்குக் கடைசி நேரம். மேலே நிற்பவன் காப்பாற்றக் குதித்து அவனும் மாள்வதை நாம் செய்தித்தாளில் படிக்கிறோம், பக்கத்தைத் திருப்புகிறோம். இத்தகைய சாவுகளில் நம் மாநிலம் நாட்டின் முன்வரிசையில் நிற்கிறது. பெருமைப்படத்தக்க வரிசையா இது? 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பின்றி ஒருவரைச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ இறக்கி வேலை வாங்குவது குற்றம். முதல் முறைக்கே ஈராண்டுச் சிறை அல்லது இரண்டு இலட்சம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும். இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் கூறியது. 2023 அக்டோபரில் அதை முப்பது இலட்சமாக உயர்த்தியது. ஆக, அந்த 2,500 ரூபாய் மலிவாகத் தெரிந்ததற்குக் காரணம், மீதிச் செலவை அந்த இளைஞனின் வீட்டார் பெயரில் எழுதியிருந்ததுதான். ஒரு பொருளின் விலையில் சேராமல் பிறர் தலையில் விழும் செலவு என்று எங்கள் பாடநூலில் ஒரு பகுதி உண்டு. அங்கே ஆலைப் புகையை எடுத்துக்காட்டாகக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு இனி எடுத்துக்காட்டு வேறு.

அப்பா சட்டம் எதையும் பேசவில்லை. "வேண்டாம்ப்பா, யாரையும் எறக்க வேண்டாம்" என்றார். அழைத்து வந்தவர் சலித்துக்கொண்டு போய்விட்டார். அந்த இளைஞன் மட்டும் போகவில்லை. "அண்ணே, நான் எறங்கிருவேன். எனக்குப் பழக்கந்தான். இன்னைக்குக் கூலி போயிருச்சே" என்றான்.

இதற்கு எந்தப் பாடநூலிலும் விடை இல்லை. நாம் நல்லவராக இருப்பதற்கான கூலியை அவனல்லவா கொடுக்க நேர்ந்தது! அப்பா கேட்டார்: "கடப்பாறை பிடிப்பியா தம்பி? நாலு நாள் வேல இருக்கு. நாளுக்குத் தொள்ளாயிரம்." அவன் தலையாட்டினான். அப்பத்தா அவனுக்கு நாங்கள் குடிக்கும் எவர்சில்வர் டம்ளரிலேயே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவன் அதைக் கையில் வாங்காமல் கீழே வைக்கச் சொன்னான். "வாங்குடா கையில" என்று அப்பத்தா ஓர் அதட்டுப் போட்ட பிறகே வாங்கினான்.

இனிக் கணக்குக்கு வருகிறேன். தரையை உடைத்துத் தோண்ட இருவர், நான்கு நாள்: ரூ. 7,200. பிளம்பரும் உதவியாளும் மூன்று நாள்: ரூ. 6,000. வீட்டுக்குள் நாலங்குல பி.வி.சி. குழாய் இருபதடி நீளத்தில் மூன்று, வாசலுக்கு வெளியே ஒன்பதடிக்கு ஆறங்குலக் குழாய் ஒன்று: ரூ. 7,250. வளைவுகள், டிராப், ரப்பர் வளையம், பசை முதலியன ரூ. 3,400. இரண்டு சேம்பர் கட்டக் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் ரூ. 5,100, செங்கல், சிமெண்டு, எம்-சாண்ட் ரூ. 6,850, மூடிகள் ரூ. 2,800. கூட்டினால் ரூ. 38,600. பிளம்பர் சொன்ன 38,000-க்கு அறுநூறு ரூபாய்தான் கூடுதல். நேர்மையான மனிதர்.

ஆனால் அவர் வேலை எங்கே முடிகிறதோ அங்கே அவர் கணக்கும் முடிந்துவிடும். அதற்கு வெளியே மூன்று செலவுகள் காத்திருக்கும். உடைத்த இடிபாட்டை அள்ள வேண்டும். எங்கள் முடுக்கில் குட்டியானை வண்டி நுழையாது, சாக்கில் கட்டி முனைவரை சுமந்து இரண்டு நடை அடித்ததில் ரூ. 3,200. தெருவை வெட்டவும் பின்னர் மூடவும் முன்கூட்டியே அனுமதி பெற்றுப் பணம் கட்ட வேண்டும். சிமெண்டுத் தெருவுக்கு நாங்கள் கட்டியது ரூ. 7,400. தாத்தா காலத்துச் சிவப்புச் சிமெண்டுத் தரையை அதே வண்ணத்தில் ஒட்டுப்போட இன்று ஆளில்லை; 54 அடி நீளம், இரண்டடி அகலத்துக்கு ஓடு பதித்தோம். சதுர அடி 110 ரூபாய் வீதம் ரூ. 11,880. ஆக மொத்தம் 61,080 ரூபாய். இதில் குழாயின் விலை எட்டில் ஒரு பங்குகூட இல்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். "எந்தக் கம்பெனிக் குழாய் மலிவு?" என்று கடை கடையாக ஏறி இறங்குவோர் அந்த நேரத்தில் "மண்ணை யார் அள்ளுவது, தரையை யார் மூடுவது?" என்று கேட்டால் மிச்சமாகும்.

வாசற்படியோடு வீட்டுக்காரன் பொறுப்பு முடியும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இங்கே அப்படியில்லை, தெருக்குழாயில் சேரும் இடம்வரை செலவு நம்முடையது. இங்கிலாந்தில் 2011 அக்டோபர் முதல் நாள் தொட்டு, மனையின் எல்லைக்கு அப்பால் உள்ள பகுதியைத் தண்ணீர் நிறுவனங்களே ஏற்றுக்கொண்டன. அமெரிக்காவில் பல நகரங்களில் நம்மைப் போலவே வீட்டுக்காரர் தலையில்தான். அங்கே தோண்டாமலே பழைய குழாயை உடைத்துக்கொண்டு புதியதை இழுத்துச் செல்லும் முறையும், உள்ளே பிசின் உறை ஏற்றும் முறையும் உண்டு. எங்கள் முடுக்கில் கடப்பாறைதான் எந்திரம்.

கடப்பாறைக்காரர்களிடம் நான் கற்றது வாட்டம் என்ற ஒரு சொல். தரையிலோ குழாயிலோ நீர் ஓடுவதற்கு வைக்கும் சரிவு அது. பத்தடிக்கு இரண்டங்குலம் என்று வைத்தார் பிளம்பர். 63 அடிக்கு ஓரடிக்குச் சற்று மேல். தெருவில் சேரும் ஆழம் நம் விருப்பத்தில் இல்லை. அது ஏற்கெனவே அமைந்தது. ஆகையால் கணக்கை வாசலிலிருந்து கொல்லைக்குப் பின்னோக்கிப் போட வேண்டும். தெருவில் இரண்டரை அடி ஆழம் என்றால் கொல்லையில் ஒன்றரை அடி. சரிவு குறைந்தால் கழிவு படியும். ரப்பர்க் குழாயில் நீர் நிரப்பி இருமுனையும் பிடித்து மட்டம் பார்த்தபோது, நடுவே ஓரிடத்தில் குழாய் தொய்ந்திருப்பதை முதலில் கண்டவன் அந்த இளைஞன்தான். மணலை இட்டு உயர்த்தினார்கள். மூடுவதற்கு முன் கீழ்முனையை அடைத்து நீர் நிரப்பி அரை மணி நேரம் பார்த்தார்கள். நீர் இறங்கவில்லை. இதைச் செய்யாமல் மண் தள்ளச் சொல்லும் மேஸ்திரியிடம் பாக்கியைக் கொடுத்துவிடக் கூடாது.

வாசலுக்கு வெளியே நான்காவது குழாயை எடுத்தபோது வேர் கிடைத்தது. குழாயின் வடிவத்திலேயே, உருண்டையாக, ஒரு கை நீளத்துக்குச் சடைபோல் வளர்ந்திருந்தது. முடுக்குப் பிள்ளைகள் எல்லாரும் வந்து பார்த்தனர். அதை மேன்ஹோலிலிருந்து எப்படி இழுத்திருப்பாய் என்று அவனைக் கேட்டேன். "இழுத்திருக்க முடியாதுண்ணே. ஆனா எறங்கியிருப்பேன்" என்றான்.

கழிப்பறை இல்லாமல் ஐந்து நாள். அப்பத்தாவுக்கு வயது 78. எதிர் வீட்டு அத்தை கதவைத் திறந்தே வைத்திருந்தார். நான் கல்லூரிக்குக் காலை ஏழரைக்கே வந்து நின்ற நாள்கள் அவை. என் கல்வி ஆர்வத்தை வியந்து பாராட்டிய பேராசிரியர் இதைப் படித்தால் பொறுத்தருள வேண்டும்.

பணம்? ஐம்பதாயிரம் ரூபாய்ச் சீட்டை ஆறாம் மாதத்திலேயே அப்பா 11,500 தள்ளி எடுத்தார். கைக்கு வந்தது 38,500. மீதிக்கு அப்பத்தாவின் தோடு வங்கிக்குப் போயிற்று. தள்ளிய தொகையையும் சேர்த்தால் சாக்கடைக்குச் செலவு 72,580 என்பது என் கணக்கு. கடனின் விலையைக் குழாயின் விலையில் சேர்க்கலாகாது என்று அப்பா வாதிடுகிறார். எங்கள் துறைப் பேராசிரியர்கள் தீர்ப்புச் சொல்லட்டும். அக்கா பி.எட். சேர்வதை ஓராண்டு தள்ளிப்போட்டு ஒரு மழலையர் பள்ளிக்கு வேலைக்குப் போனாள். அந்த ஓராண்டை எந்தப் பத்தியில் எழுதுவது என்பதில் எங்கள் இருவருக்கும் வாதமில்லை. இருவருமே அதை எழுதவில்லை. இந்த ஆண்டு சேர்ந்துவிட்டாள்.

வேலை முடிந்த அன்று மாலை அப்பா அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒரு தாளை ஒட்டினார். கிழக்குச் சுவரிலிருந்து குழாய் மூன்றடி இரண்டங்குலம். அடுப்படி நிலையில் ஆழம் ஒன்றே முக்கால் அடி. முதல் இணைப்பு எங்கே, இரண்டாவது எங்கே என்று கடைக் கணக்கின் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். அடியில் தேதி. அதன் கீழே இரண்டு தொலைபேசி எண்கள்: ஒன்று பிளம்பருடையது, மற்றொன்று அந்தத் தம்பியுடையது. அவன் எண்ணுக்கு எதிரே "மண் வேலைக்கு மட்டும்" என்று எழுதி அடிக்கோடிட்டிருந்தார்.