வீட்டுக்கு நாலு டயர்... தண்ணிக்கு ஒரே டேங்க்!

‘‘ஆஸ்திரேலியா போனியே... ஓபரா ஹவுஸ் பார்த்தியா? கங்காரு கூட போட்டோ எடுத்தியா?’’ ஊர் திரும்பியதிலிருந்து ஹாஸ்டல் முழுக்க இதே கேள்விதான். ‘‘இல்ல மச்சான், ஒரு ஆத்தங்கரையில நாலு நாள் வேன்ல குடும்பம் நடத்தினோம்’’ என்று சொன்னால், ஏதோ அரியர் வைத்தவனைப் பார்ப்பது போலப் பாவமாகப் பார்க்கிறார்கள். பாவப்பட வேண்டாம் மக்களே... கதையைக் கேளுங்க!

மெல்போர்னில் அக்கா, மாமா, ஒன்றரை வயசு பாப்பா. ஆறாவது செமஸ்டர் முடிந்ததும் ஜூன் மாசம் அங்கே போய் இறங்கினேன். மாமாவுக்கு நாலு நாள் லீவு. ‘‘ஹோட்டல் எல்லாம் வேண்டாம்டா மாப்ள... மோட்டார்ஹோம் எடுப்போம்’’ என்றார்.

கேரவன் என்றால் நமக்குத் தெரிந்தது, ஷூட்டிங் ஸ்பாட்டில் ஹீரோ ஏறி உட்காரும் வண்டிதான். அங்கே அது குடும்பத்தோடு ஊர் சுற்றுகிற வண்டி. காருக்குப் பின்னால் இழுத்துப் போனால் கேரவன், இன்ஜினோடு சேர்ந்தே இருந்தால் மோட்டார்ஹோம். கட்டில், கேஸ் அடுப்பு, ஃபிரிட்ஜ், டாய்லெட், ஷவர் எல்லாமே நம்ம மினி பஸ் சைஸுக்குள் அடக்கம். நாலரை டன் வரைக்கும் சாதாரண கார் லைசென்ஸே போதும். மாமா கெத்தாக ஸ்டீரிங் பிடித்தார்.

வாடகைக்குக் கொடுத்த ஆள் முக்கால் மணி நேரம் பாடம் எடுத்தார். ‘‘இது நல்ல தண்ணி டேங்க், நூறு லிட்டர். இது கழிவுநீர் டேங்க். இது வீட்டு பேட்டரி, மேல சோலார் பேனல்...’’ நான் ஈ.ஈ.ஈ. ஸ்டூடன்ட் ஆச்சே! ‘‘இதெல்லாம் நமக்கு செகண்ட் இயர் சிலபஸ் மாமா’’ என்று பந்தாவாகத் தலையாட்டிவிட்டேன். அந்தத் தலையாட்டல்தான் பின்னாடி வில்லனாக வரப்போகிறது!

தக்காளிக்குத் தடா!

போக வேண்டிய ஊர் ரென்மார்க். தெற்கு ஆஸ்திரேலியாவில், மர்ரே நதிக்கரையில் இருக்கும் ஒரு சின்ன விவசாய ஊர். மெல்போர்னிலிருந்து மில்டுரா வரைக்கும் சுமார் 540 கிலோமீட்டர். அங்கே ஒரு இரவு தங்கி, காலையில் ரசம் வைக்கத் தக்காளி, பச்சை மிளகாய் வாங்கிக்கொண்டு கிளம்பினோம். ரென்மார்க்குக்கு முன்னால் யாம்பா என்ற இடத்தில் செக்போஸ்ட். சரக்கையும் தேடவில்லை, துப்பாக்கியையும் தேடவில்லை. ‘‘பழம், காய்கறி ஏதாவது இருக்கா?’’ என்று கேட்டார்கள்.

அந்தப் பகுதி முழுக்க ஆரஞ்சு, திராட்சை, பாதாம் தோட்டங்கள். ‘பழ ஈ’ என்ற பூச்சி உள்ளே நுழைந்தால் மொத்த ஊருக்கும் பிழைப்பு போச்சு. 2020 டிசம்பரில் ரென்மார்க் பக்கமே அது தலைகாட்டியதால், கெடுபிடி இன்னும் ஜாஸ்தியாகிவிட்டது. மறைத்து எடுத்துப் போனால் அபராதம். சமைத்ததாக இருந்தால் விட்டிருப்பார்களாம். எங்கள் தக்காளியும் மிளகாயும் குப்பைத் தொட்டிக்குள் போவதை அக்கா கண்ணீர் மல்கப் பார்த்தாள். புளி மட்டும் தப்பித்தது!

மாநில எல்லையைத் தாண்டியதும் கடிகாரம் அரை மணி நேரம் பின்னால் போனது. லாபம்!

ரென்மார்க் பற்றி எஞ்சினியரிங் பசங்க தெரிஞ்சுக்க வேண்டிய ஒரு மேட்டர். வருஷத்துக்குச் சுமார் 250 மில்லிமீட்டர் மழைதான் பெய்கிற பூமி அது. கனடாவில் பிறந்த ஜார்ஜ் சாஃபி, வில்லியம் சாஃபி என்ற அண்ணன் தம்பி கலிஃபோர்னியாவில் பாசனக் குடியிருப்புகள் அமைத்துப் பெயர் வாங்கியவர்கள். 1887-ல் அவர்களை வைத்துத்தான் இங்கே பாசனம் ஆரம்பமானது. அண்ணன் ஜார்ஜ் ஒரு எஞ்சினியர். ஆற்றுத் தண்ணீரைப் பம்ப் வைத்து மேலே ஏற்றி, காய்ந்த மண்ணில் பழத்தோட்டம் போட்டார்கள். கம்பெனி கடைசியில் திவால்! ஆனால், 1893-ல் பாசனத்துக்காக உருவான ட்ரஸ்ட், இன்றைக்கும் அந்த ஊருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

ரென்மார்க்கிலிருந்து கடல் இன்னும் சுமார் 560 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்துக்கும் ஆறு இறங்குவது வெறும் 16 மீட்டர்தான், அதாவது நாலைந்து மாடி உயரம்! அதனால் ஆறு ஓடுகிறதா, தூங்குகிறதா என்றே தெரியாது. படகு போவதற்காக 1920-களில் தடுப்பணைகளும் லாக்குகளும் கட்டி, படிப்படியாகத் தண்ணீரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

ஆத்தங்கரை வீடு

ஊரிலிருந்து கால் மணி நேர டிரைவில், லிரப் ஃப்ளாட்ஸ் என்ற இடத்தில் டேரா போட்டோம். மர்ரே ரிவர் தேசியப் பூங்காவின் ஒரு பகுதி அது. ஆன்லைனில் முன்பதிவு செய்துவிட்டுப் போக வேண்டும். போனால் அங்கே கரண்ட் கிடையாது, குடிதண்ணீர் கிடையாது, குப்பைத் தொட்டிகூடக் கிடையாது. நாம் கொண்டுபோனதை நாமேதான் திரும்பக் கொண்டுவர வேண்டும். கீழே கிடக்கும் விறகைக்கூடப் பொறுக்கக் கூடாது. அது அங்கே வாழும் பூச்சி, பல்லிக்கு வீடாம்!

ஆனால், அந்த இடம் இருக்கே... செம! கரை முழுக்க ரெட் கம் என்ற ராட்சச யூகலிப்டஸ் மரங்கள். தண்ணீரில் பெலிக்கன்கள், வாக்கிங் போகும் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர்கள் மாதிரி வரிசையாக மிதந்தன. மரங்களில் என் தலைக்கு மேலே ஒரு கோடு, அதற்குக் கீழே மட்டும் பட்டை வேறு நிறம். 2022 டிசம்பரில் வந்த வெள்ளத்தின் அடையாளமாம். 1956-க்குப் பிறகு அந்தப் பக்கம் பார்த்த பெரிய வெள்ளம் அது.

பக்கத்தில் இன்னும் ரெண்டே வண்டிகள். ஒன்றில் தோட்ட வேலைக்கு வந்த ஐரோப்பியப் பசங்க. அப்போது ஆரஞ்சு சீசன். பகலில் ஆரஞ்சு பறித்துவிட்டு, ராத்திரி பழைய வேனிலேயே படுத்துக்கொண்டார்கள். வயசு நம்ம வயசுதான். வேலைசெய்து சம்பாதித்து, அந்தக் காசில் அடுத்த ஊருக்குப் போவார்களாம். இன்னொன்று வெள்ளை கேரவன். அதில் எழுபதைத் தாண்டிய ஒரு தாத்தா, பாட்டி. ரிட்டயர் ஆனதும் வீட்டைப் பூட்டிவிட்டு ஊர் ஊராகச் சுற்றும் இவர்களை ‘நரைமுடி நாடோடிகள்’ என்கிறார்கள்.

தக்காளி இல்லாத மிளகு ரசம், அப்பளம், உருளைக்கிழங்கு வறுவல். ஆற்றைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்ட அந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஸ்டார் ஹோட்டலும் ஈடில்லை. கை கழுவி, பாத்திரம் கழுவி, நான் ஹாஸ்டல் ஸ்டைலில் ஷவரைத் திறந்துவிட்டு ஆனந்தக் குளியல் போட்டேன். அதற்கப்புறம் லேப்டாப்பில் ஒரு முழுப் படம்.

நடுராத்திரி நாடகம்

ராத்திரி படுக்கும்போது ‘ர்ர்ர்’ என்று ஒரு சத்தம். ஹீட்டர் சத்தம் என்று நினைத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டேன். மூணு மணி இருக்கும். பாப்பா அழுகிறாள். லைட் எரியவில்லை. ஹீட்டர் நின்றுவிட்டது. ஜூன் அங்கே குளிர்காலம். வெளியே மூணு டிகிரிதான் இருக்கும். பாப்பா கை ஐஸ் மாதிரி இருந்தது. பால் கலக்கலாம் என்று அக்கா குழாயைத் திறந்தால், காற்றுகூட வரவில்லை.

என்ன நடந்தது தெரியுமா? என் ஆனந்தக் குளியலில் டேங்க் காலி. குழாயை மூடியதும் பைப்பில் பிரஷர் ஏறினால்தான் அந்த பம்ப் தானாக நிற்கும். தண்ணியே இல்லாவிட்டால் பிரஷர் எப்படி ஏறும்? சுவிட்சை நான் அணைக்கவும் இல்லை. நாலு ஆம்பியர் இழுத்தபடி ராத்திரி முழுக்கச் சும்மா ஓடி, பேட்டரியைக் குடித்துவிட்டது. ஏற்கெனவே என் லேப்டாப் பாதியைத் தின்றிருந்தது. குளிர்கால வெயிலில் சோலார் கொடுத்ததோ கொஞ்சூண்டு. செகண்ட் இயர் சிலபஸ்!

மாமா ஒரு வார்த்தை திட்டவில்லை. பாப்பாவை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு இன்ஜினை ஸ்டார்ட் செய்து, முன்சீட்டு ஹீட்டரைப் போட்டார். அக்காவும் பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

சத்தம் கேட்டு, டார்ச் வெளிச்சத்தோடு பக்கத்து கேரவன் தாத்தா வந்தார். ‘தூக்கத்தைக் கெடுத்ததுக்குச் சண்டைக்கு வர்றாரோ’ என்று பயந்தேன். உள்ளே எட்டிப் பாப்பாவைப் பார்த்தார். திரும்பிப் போனார். வரும்போது ஒரு கையில் தண்ணி கேன், இன்னொரு கையில் கெட்டில் நிறைய வெந்நீர். பாட்டி ஒரு கம்பளியை நீட்டினார். பாப்பா பால் குடித்துத் தூங்கும் வரைக்கும் இரண்டு பேரும் அந்தக் குளிரில் நின்றார்கள்.

தண்ணீரை விற்றவர்

காலையில் காலி கேனோடு போய், ‘‘ஸாரி சார்’’ என்றேன். ‘‘சார் எல்லாம் வேண்டாம்’’ என்று சிரித்துவிட்டு, நாற்காலியைக் காட்டினார். ‘‘தினமும் எவ்வளவு தண்ணி செலவு பண்ணுவீங்க?’’ என்று கேட்டேன். ‘‘ரெண்டு பேருக்கும் சேர்த்து இருபது லிட்டர்’’ என்றார். நான் ஒரே குளியலில் ஐம்பதுக்கு மேல்!

அவர் அந்தப் பகுதியிலேயே திராட்சைத் தோட்டம் வைத்திருந்தவராம். ஆஸ்திரேலியாவில் நிலம் வேறு, தண்ணீர் உரிமை வேறு. நிலத்தை வைத்துக்கொண்டு தண்ணீரை மட்டும் தனியாக விற்கலாம், வாங்கலாம். 2000-களில் பெரிய வறட்சி. அவருக்கு ஒரு வருஷம் உரிமையில் கால்வாசித் தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை. கடன் ஏறியது. அப்போதுதான், ஆறு கடல்வரைக்கும் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக அரசாங்கமே விவசாயிகளிடமிருந்து தண்ணீர் உரிமையை விலைக்கு வாங்க ஆரம்பித்தது. இவரும் விற்றார். கொடிகளைப் பிடுங்கினார். மீந்த காசில் வாங்கியதுதான் அந்த கேரவன்.

‘‘வருத்தமா இல்லையா?’’ என்றேன்.

கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம் ஆற்றைக் காட்டினார். ‘‘என் தண்ணி எங்கேயும் போகலை. அதோ, அதுல ஒரு பங்கு என்னுது. அதனாலதான் எந்த ஊர் சுத்தினாலும் வருஷத்துக்கு ஒரு தடவை இங்கே வந்துடுவோம்’’ என்றார். பாட்டி எதுவும் சொல்லாமல் டீயை ஊற்றினார்.

விற்காமல் இருந்தவர்கள் மட்டும் சந்தோஷமாக இல்லையாம். சீனா போட்ட வரியால் ஒயின் தேங்கி, திராட்சை விலை படுத்துவிட்டது. 2024 மார்ச்சில் வரியை நீக்கிய பிறகும் பழைய விலை வரவில்லை என்று, கொடியைப் பிடுங்கிக்கொண்டிருந்த பக்கத்துத் தோட்டக்காரர்களைப் பற்றிச் சொன்னார்.

மர்ரே நான்கு மாநிலங்கள் பங்கு போட்டுக்கொள்கிற நதிப்படுகையைச் சேர்ந்தது. கடைமடையில் இருக்கும் தெற்கு ஆஸ்திரேலியாவுக்கு, சாதாரண வருஷத்தில் வர வேண்டிய பங்கு 1,850 ஜிகா லிட்டர். நம்ம கணக்கில் சுமார் 65 டி.எம்.சி. திருச்சிக்காரனான எனக்கு இந்தக் கணக்கு யாரும் விளக்காமலே புரிந்தது. காவிரியில் நமக்கு 177.25 டி.எம்.சி. என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னபோது, எங்கள் வீட்டில் டி.வி-யை விட்டு தாத்தா எழுந்திருக்கவே இல்லை.

அடுத்த இரண்டு நாளும் நான்தான் தண்ணி இன்சார்ஜ். பாத்திரத்தை டிஷ்யூவில் துடைத்துவிட்டு, அப்புறம்தான் கழுவல். குளியல் ஒரு பக்கெட். பம்ப் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் படுக்கை. கடைசி நாள் ரென்மார்க்கில் கழிவு கொட்டுவதற்கென்றே இருக்கும் ‘டம்ப் பாயின்ட்’டில் டாய்லெட் பெட்டியைக் கழற்றிக் கொட்டிக் கழுவியதும் அடியேன்தான். தண்டனை இல்லை, நானே கேட்டு வாங்கியது!

நீங்க போறீங்களா? நோட் பண்ணிக்கோங்க...

* ரெட் கம் மரத்துக்கு அடியில் வண்டியை நிறுத்தாதீங்க. காற்றே இல்லாவிட்டாலும் பெரிய கிளை திடீரென்று முறிந்து விழும்.

* வாடகை வண்டியை மண் ரோட்டில் ஓட்டலாமா என்று ஒப்பந்தத்தில் பார்த்துக்கோங்க. கேம்ப் இடத்துக்குப் போகும் சின்னப் பாதைக்கு மட்டும் சிலர் விலக்கு கொடுப்பார்கள்.

* கோடையில் நெருப்பு மூட்டத் தடை இருக்கும். கிளம்பும் முன் செக் பண்ணுங்க.

* ஆறு பக்கத்தில் இருக்கிறதே என்று சோப்புத் தண்ணியை அதில் கொட்டாதீங்க. அந்த ஆற்றை நம்பித்தான் கீழே பல ஊர்கள் இருக்கின்றன.

* கொடுக்கும்போது சொல்லித் தருவதைக் கவனமாகக் கேளுங்க. முக்கியமாக, ஈ.ஈ.ஈ. ஸ்டூடன்ட்ஸ்!

போன வாரம் ஹாஸ்டலில் காலை ஆறு மணி. மொட்டைமாடி டேங்க் நிரம்பி, வழக்கம்போலச் சுவரில் அருவி கொட்டிக்கொண்டிருந்தது. மூணு வருஷமாக அந்தச் சத்தம்தான் எனக்கு அலாரம். அன்றைக்கு மட்டும் மறுபடி படுக்க முடியவில்லை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே இறங்கி, வாட்ச்மேன் அண்ணனை எழுப்பினேன்.

‘‘அண்ணே, மோட்டார் சுவிட்ச் எங்க இருக்கு?’’

‘‘ஏன் தம்பி, தண்ணி வரலையா?’’ என்றார் அவர்.